உப்பு கூடிருச்சு

மே 11, திங்கள்

விடிந்ததும் விடியாததுமாக வெயில். கத்திரி. கம்பெனி வேனில் ஜன்னலோர இடம் கிடைத்தது. திருமங்கலம் ரோட்டில் தார் தண்ணீர் போல அசைந்துகொண்டிருந்தது. முன்னால் போன லாரி அதில் மிதந்து போயிற்று. கப்பலூர் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்க மனசில்லை.

வாங்க: கொசுவத்தி. மகள் தேனுக்கு ஹேர்பேண்ட். என் மாத்திரை, ஒரு அட்டைதான் மிச்சம்.

இன்று பச்சை நாள். பிளாஸ்டிக் குடத்துக்குக் கலர் பவுடர் எடை போட்டுக் கலக்குவது என் வேலை. ஒரு சிட்டிகை கூடினாலும் குடம் வேறு குடமாகிவிடும். நாள் முழுக்கப் பச்சையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஆகாயம் ரோஸாகத் தெரியும். இது கம்பெனிக்குத் தெரியாமல் நமக்குக் கிடைக்கும் போனஸ்.

ராத்திரி கத்தரிக்காய்க் குழம்பு. சப்பென்று இருந்தது. நேற்றும் அப்படித்தான், முந்தாநாளும் அப்படித்தான்.

"எப்டி இருக்கு?" என்றாள் ரா.

"நல்லாருக்கு."

நம்பட்டும் என்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். அவளும் அதையே சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆக, குழம்பில் கோளாறு இல்லை. என் நாக்கில்தான்.

(ரா. என்றால் ராணி, என் பெண்டாட்டி. முழுதாக எழுதக் கூச்சம். பேரையூரில் அவள் அப்பா வீட்டிலிருந்து பங்குனி கடைசியில்தான் தேனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். பையைக் கீழே வைக்கும் முன்பே சொன்னாள்: "மாத்திரைய ஒழுங்காப் போடணும். அம்புட்டுத்தான். வேற ஒன்னும் நான் கேக்கல.")

மே 12, செவ்வாய்

வேர்வை. சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு வரும். இரண்டு தடவை தண்ணீர் கேன் மாற்றினார்கள்.

எல்லாம் அந்த மாத்திரை செய்யும் வேலை என்று முடிவு கட்டிவிட்டேன். லித்தியம். மனசு உச்சாணிக்கு ஏறாமலும் பாதாளத்தில் விழாமலும் நடுவில் பிடித்து வைக்கிறது. பைபோலார் என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து காலை ஒன்று, ராத்திரி ஒன்று.

அது எடுத்துக்கொண்டவை: ராத்திரி முழுக்க விழித்திருக்கும் சந்தோஷம். பாட்டு கேட்டால் வரும் அழுகை. இப்போது நாக்கு.

அது கொடுத்தவை: தூக்கம். தேன். ரா.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் சாம்பார் சாம்பாராக இருந்தால் தேவலை.

ரா.விடம் சொல்ல முடியாது. 'மாத்திரையால் ருசி போய்விட்டது' என்று வாயெடுத்தால், 'அப்ப நிறுத்தப் போறீங்களா' என்றுதான் அவள் காதில் விழும். பை இன்னும் பீரோ மேலேயே இருக்கிறது. சேலைகளில் பாதியை அவள் உள்ளே வைக்கவில்லை.

மே 14, வியாழன்

கை நடுங்குகிறது. முன்பே லேசாக உண்டு, டாக்டரம்மாவும் சொல்லியிருக்கிறார். இது வேறு மாதிரி. இன்று நீல நாள். எடைத்தட்டில் வைக்கும்போது கரண்டி துள்ளி, பவுடர் பாதி என் சட்டையில்.

பக்கத்து மிஷின் பாண்டி சிரித்தான். "என்ன மாப்ள, கிருஷ்ணர் வேஷமா? புல்லாங்குழல் வாங்கித் தரவா?"

"போடா."

"சும்மா சொல்லல, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு ஒனக்கு. வீட்டுக்குப் போய்ப் படு."

மீதியைக் கண்ணளவாகப் போட்டுச் சமாளித்தேன். மிஷினிலிருந்து வந்த குடங்கள் நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. பொழுது சாய்ந்து விளக்குப் போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒரு நிறம் இருக்குமே, அது. வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். முதலாளி வந்து, "இந்தக் கலர எவன்யா கேட்டான்?" என்று கத்தினார். யாரும் கேட்கவில்லைதான். ஆனால் அழகாக இருந்தது.

திரும்பும்போது வேனில் அரைத்தூக்கம். மல்லிகை வாசம் வந்தது. வேனில் பூ ஏதும் இல்லை.

அந்த நாள் ஞாபகம். மாத்திரைக்கு முந்திய காலம். தூக்கம் என்பதே மறந்துபோயிருந்தது. விடிகாலை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக மல்லிகை வாங்கி, வாடகை வண்டியில் ஏற்றி, வழியில் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் கொட்டிக்கொண்டே போனேன். ஊருக்கே கல்யாணம் என்று சொன்னேனாம். பூவுக்குப் போனது ரா.வின் வளையல். அன்றைக்குச் சாயங்காலமே அவள் அப்பா வந்து அவளையும் தேனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அது வேதனை, இன்னும் வேதனைதான். ஆனால் முதல் பஸ்ஸுக்கு வந்த பெண்கள் குனிந்து பூவை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டதும் உண்மை. என் பைத்தியத்தில் அந்த ஒரு பங்கை மட்டும் யாரும் திருப்பி வாங்க முடியாது.

மே 15, வெள்ளி

லீவு போட்டேன். ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மூன்று இறக்கை, பிறகு ஒரே இறக்கை, பிறகு ஒரு வெள்ளைத் தட்டு.

தேன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வயசு ஏழு. பள்ளிக்கூட லீவு. பக்கத்து வீட்டிலிருந்து மாங்காய்க் கீற்று வாங்கி வந்திருந்தாள், உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி. "அப்பா, ஆ."

வாயில் போட்டாள்.

ஐயோ! புளிப்பு, உறைப்பு, உப்பு எல்லாம் சேர்ந்து மண்டையில் ஏறிற்று. கண்ணில் தண்ணீர். நாக்கு சாகவில்லை! இன்னொன்று கேட்டேன். இன்னொன்று. முழுக் காகிதத்தையும் காலி பண்ணிவிட்டேன்.

"அம்மாட்ட சொல்லாதப்பா. வீட்ல திங்கக்கூடாதுன்னு சொல்லிருக்கு."

"எதுக்குடா தங்கம்?"

"தெரியல."

மத்தியானம் ரசம் சாதம். திரும்பவும் சப். பிள்ளை கையால் ஊட்டினால்தான் எனக்கு ருசி தெரியும் போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது.

மே 17, ஞாயிறு

வயிறு சரியில்லை. நடந்தால் தரை கொஞ்சம் தள்ளிப் போகிறது. பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிற்கும்போது படியில் உட்கார்ந்து காலை விட்டுக்கொண்டிருப்பது போல. தெருச் சத்தம் எல்லாம் தூரத்தில். குக்கர் விசில்கூட வேறு ஊரிலிருந்து வருகிறது.

பேச்சு குழறுகிறது. 'தண்ணி' என்று கேட்டதற்குத் தேன் சிரித்தாள். ரா. சிரிக்கவில்லை.

பிறகு மாடிப்படியில் நின்று அவள் போனில் பேசியது காதில் விழுந்தது. அப்பாவிடம்.

"ஒரு மாதிரிதான்ப்பா இருக்காரு... இல்ல, அது மாதிரி இல்ல, இது வேற... மாத்திர போடுறாருப்பா, நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்... வேணாம், நீங்க வர வேணாம். நான் பாத்துட்டுச் சொல்றேன்."

பாத்துட்டுச் சொல்றேன். அந்த ஒரு வார்த்தையில் பளிச்சென்று முழிப்பு வந்தது. மறுபடியும் போகப் போகிறாள். மாத்திரை போட்டும் போகப் போகிறாள் என்றால் எதற்கு அந்த மாத்திரை?

ராத்திரி மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கை ஆடியதில் அதுவும் ஆடிற்று. ரா. தண்ணீர்ச் சொம்போடு எதிரில் நின்றாள். சொம்பை நீட்டினாள். போட்டுக்கொண்டேன்.

மே 20, புதன்

ஆஸ்பத்திரி. ஜன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு. கையில் ஊசி. எழுத்து கோணல், இருந்தாலும் எழுத வேண்டும்.

திங்கள் காலையில் கொல்லையில் வாந்தி, அங்கேயே விழுந்தேன். ஆட்டோ. வழியெல்லாம் என் தலை ரா. தோளில். எனக்குக் கனவு போலத்தான் இருந்தது, பஸ் ஸ்டாப் தோறும் வெள்ளையாக ஏதோ கிடந்தது. அவள், "பேசுங்க, எதாவது பேசிக்கிட்டே வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மாவே கட்டிலுக்கு வந்தார்.

"ரத்தத்துல லித்தியம் ரொம்ப ஏறியிருக்கு கதிரேசன். அதான் நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல் எல்லாம். நோய் திரும்பி வரல. மாத்திரைய நிறுத்தி வச்சிருக்கோம். சலைன் போகுது, சரியாயிரும். ஆனா ஏன் ஏறுச்சு? கூடப் போட்டுட்டீங்களா?"

"இல்லங்க."

"சாப்பாட்டுல உப்பக் கொறச்சீங்களா?"

இல்லை என்று நான் தலையாட்டினேன். ரா. தலையாட்டவில்லை. சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"நாந்தான் டாக்டரம்மா," என்றாள். "போன தடவ கிட்னி டெஸ்ட் ரிப்போட்டு வாங்கப் போனப்ப லேப்ல சொன்னாங்க, ரத்தத்துல உப்பு லேசாக் கூடிருச்சு, பாத்துக்கங்கம்மான்னு. அன்னைல இருந்து உப்பே போடல. ஊறுகா, கருவாடு, அப்பளம் ஒன்னும் வாங்கல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, லேப்ல உப்புன்னு சொல்றது கிரியாட்டினின். கிட்னி வெளியேத்துற கழிவு. பேச்சு வழக்குல அத உப்புங்கிறாங்க. அதுவும் லேசாத்தான் இருந்துச்சு, நான் பாத்துக்கறேன். சமையல் உப்பு வேற. இவரு போடுற மாத்திரையும் ஒரு வகை உப்புதான். சமையல் உப்பு ஒடம்புல கொறஞ்சா, கிட்னி இந்த மாத்திரை உப்ப வெளிய விடாமப் பிடிச்சு வச்சுக்கும். இதுல கத்திரி வெயில், வேர்வை வேற."

உப்பு, உப்பு, உப்பு. மூன்றும் ஒரே பெயரில் ஊருக்குள் திரிந்தால் என் பெண்டாட்டி என்ன செய்வாள்?

"இவருகிட்டயாவது சொல்லிருக்கலாம்லம்மா."

"சொன்னா கிட்னி போயிருச்சுன்னு பயந்து மாத்திரைய நிறுத்திருவாரு டாக்டரம்மா. அதான் சொல்லல. நானும் உப்பில்லாமத்தான் தின்னேன். பிள்ளைக்கு மட்டும் தனியா எடுத்து வச்சிட்டு."

டாக்டரம்மா போனதும் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் கோபம்.

"உப்பில்லாத கொழம்ப ரெண்டு தடவ வாங்கித் தின்னுட்டு நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்களே, ஒரு நாளாவது வாயத் தொறந்து நல்லால்லன்னு சொன்னீங்களா? சொல்லிருந்தா இம்புட்டு ஆயிருக்குமா?"

"சொன்னா நீ போயிருவியோன்னு."

சொல்லிவிட்டேன். நாக்குக் குழறலோடு, எச்சில் வழியச் சொல்லிவிட்டேன்.

அவள் முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

மே 23, சனி

வீடு. வெயில் அப்படியே. மாத்திரை மறுபடி ஆரம்பம், முதலில் ஒன்று மட்டும். வாரம் ஒரு தடவை ரத்தம் பார்க்க வேண்டும். தண்ணீர் நிறைய. உப்பு எல்லாரும் போல: கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

கையில் பழைய சின்ன நடுக்கம் மட்டும். தரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. சத்தங்கள் திரும்பி வந்துவிட்டன. தெப்பக்குளப் படி போய்விட்டது. கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்லக் கூடாது.

பாண்டி வந்து பார்த்தான். கையில் ஒரு குடம், அந்தச் சாயங்கால நிறம். "முதலாளி ஒடைக்கச் சொன்னாரு மாப்ள. ஒரு குடத்த மட்டும் தள்ளிக்கிட்டு வந்துட்டேன்." ரா. அதைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தாள்.

மே 24, ஞாயிறு

மேகம். மழை வருமென்று தேன் சொல்கிறாள், வராது. நாளை வேலைக்கு. சட்டையில் நீலம் போகவில்லை.

மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வாசம் தெருவரை. ரா. தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். தேனும்.

ஒரு வாய். கருவாட்டு உப்பு போதாதென்று, விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்க இவளும் அள்ளிப் போட்டிருக்கிறாள். வாயில் வைக்க முடியவில்லை.

"எப்டி இருக்கு?"

நல்லாருக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. பீரோ மேலே பார்த்தேன். பை இல்லை.

"உப்பு கூடிருச்சு," என்றேன்.