கோழிப்பண்ணையிலிருந்து வந்த கரண்ட்

என் ஆசை வசந்தாக்காவுக்கு,

போன வெள்ளிக்கிழமை உன் பண்ணை இன்ஜினை மின்வாரியக் கம்பியோடு இணைத்துவிட்டோம். ஸ்விட்சைப் போட்டது நான்தான். நீ போய் மூன்று மாதம் கழித்து.

ஈயும் நாற்றமும் தாங்கவில்லை என்று பண்ணையைச் சுற்றியிருந்தவர்கள் உன்னோடு சண்டைக்கு வந்ததும், நீ நாமக்கல் வரை போய் விசாரித்துவிட்டு வந்தாய். கோழி எச்சத்தைத் தொட்டியில் புளிக்கவைத்து, அதில் வந்த எரிவாயுவில் இன்ஜின் ஓட்டினாய். பண்ணைக்குப் போக மிச்சக் கரண்ட்டை வாரியத்துக்கு விற்க வேண்டும் என்றாய். பத்தாவதோடு நின்றவள் நீ. இன்ஜினியரிங் முடித்து, பண்ணை இருந்த பகுதிக்கே மின்வாரிய உதவிப் பொறியாளராக உட்கார்ந்திருந்தவள் நான்.

அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் உன் இன்ஜினைப் பற்றியே பேசினார். எனக்கு வேலை கிடைத்தபோது இப்படிப் பேசினாரா, அக்கா?

உன் விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். முதலில் வரைபடம் தெளிவில்லை என்றேன். பிறகு பாதுகாப்பு ரிலே விவரம் போதாது என்றேன். மூன்றாவது தடவை நீயே ஆபீசுக்கு வந்தாய்.

"ஏங்கண்ணு, நெசமாலுமே தப்பிருக்குதா?"

"ரூல்ஸ் அப்படித்தான் அக்கா."

என் வீட்டுக்கென்று நீ கொண்டுவந்த ஓர் அட்டை முட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனாய். அப்போது பக்கத்து வீரபாண்டியில் பனியன் கம்பெனிகள் மின்வெட்டில் மணிக்கணக்காக நின்றுகொண்டிருந்தன. அதெல்லாம் தெரிந்தும் ஃபைலை நகர்த்தவில்லை. அதே மாதம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள்.

காரியம் முடிந்து ஆபீசுக்குப் போனதும் அந்த ஃபைலைப் பிரித்தேன். முதல் விண்ணப்பத்திலேயே எல்லாம் சரியாக இருந்தது. அன்றே மேலே அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மீட்டரில் யூனிட் வெளியே போவது தெரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கோட்டப் பொறியாளர், "இதெல்லாம் யாருங்க செஞ்சது?" என்று கேட்டார். "எங்கூட்டுக்காரிதானுங்க" என்றார் மாமா. அத்தனை பேர் முகத்திலும் உன்மேல் வந்த மரியாதையைப் பார்த்தேன். செத்தவள் மேல் பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு மாமாவிடம் சொன்னேன்: "பேப்பர்ல தப்பே இல்லீங்க மாமா. நாந்தான் வேணும்னு நிறுத்தி வச்சேன்."

"தெரியும் அம்மிணி. பெரிய ஆபீசுக்குப் போலாமுன்னு நான் சொன்னேன். 'தங்கச்சி வேலைக்குக் கெட்ட பேரு வந்துரும், அவளே அனுப்புவா'ன்னு உங்கக்கா விடலை."

இதிலும் நீதான் ஜெயித்தாய். உன்னோடு கடைசியாக ஒரு சண்டை போடக்கூட எனக்கு இடம் வைக்கவில்லையே, ஏன்?

தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று திங்கட்கிழமை மேலதிகாரியிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும். இது சத்தியம். உன்மேல் இருந்த பொறாமை போய்விட்டது என்று மட்டும் எழுத மாட்டேன். அது இன்னும் போகவில்லை, அக்கா.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
சாந்தாமணி