மாலை 6:48

அக்டோபர் 7, செவ்வாய்

ஓட்டினேன்! பயணிகளோடு, இரண்டு பெட்டி ரயிலை, தனிகுச்சியிலிருந்து மியசே வரை. பக்கத்தில் நுகாதா நின்றார்தான். ஆனால் கைப்பிடி என் கையில். பதினாறு வருஷமாக டிக்கெட் கவுன்டரிலிருந்து இந்த வண்டியைப் பார்த்தவள், இன்று வண்டியிலிருந்து கவுன்டரைப் பார்த்தேன். எவ்வளவு சின்னது!

நுகாதாவுக்கு வயது முப்பத்தொன்று. அவர் பள்ளிக்கூடம் போன நாளில் சீசன் டிக்கெட் போட்டுக் கொடுத்தவளே நான்தான். இப்போது நாற்பத்துநாலு வயதில் எனக்கு அவர் பயிற்சியாளர்.

"அன்னைக்கு எம் பேரைத் தப்பா எழுதிக் குடுத்தீங்க, சிமானோ சான். இப்ப வசமா மாட்டினீங்க."

அக்டோபர் 19, ஞாயிறு

ஓட்டுநர் விதிப்படி சிக்னலை விரலால் சுட்டி உரக்கச் சொல்லிப் பழகியதில், வீட்டிலும் கை தானாக நீள்கிறது. "அடுப்பு, அணைந்தது!" என்றேன். சூப் குடித்துக்கொண்டிருந்த யோஷிகிக்குப் புரையேறிவிட்டது.

"அப்படியே இந்தப் பக்கமும் கையை நீட்டு. புருஷன், உயிரோட இருக்கான்னு சொல்லு."

சொன்னேன். இருவரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நவம்பர் 4, செவ்வாய்

நிலைய அதிகாரி ஒகிட்சு கூப்பிட்டார். மேஜையில் மார்ச் மாத அட்டவணையின் இரண்டு மாதிரிகள். ஒன்றில் மாலை 6:48 இருக்கிறது, மற்றதில் இல்லை. வசந்தத்தில் இரண்டு ஓட்டுநர்கள் விலகுகிறார்கள். பிப்ரவரிக்குள் எனக்கு உரிமம் கிடைக்காவிட்டால் 6:48-ஐ ஓட்ட ஆளில்லை. அன்றாடம் கடைசி வண்டி அதுதான். விளையாட்டுப் பயிற்சி முடிந்து வரும் பிள்ளைகள் எப்படி வீடு போவார்கள்?

"பயமுறுத்தாதீங்க சார்."

"நான் எங்க பயமுறுத்தறேன்? எதை அடிக்கட்டும்னு அச்சகத்துக்காரன் எங்கழுத்தைப் பிடிக்கறான்."

பயம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன் — பரீட்சை எப்போது வரும் என்று இருக்கிறது!

நவம்பர் 20, வியாழன்

தேறவில்லை. மறுபரீட்சை பிப்ரவரியில்தான்.

கவாஷிரி நிலையத்தில் மழை. தண்டவாளத்தில் இலைகள். பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று மீட்டர். ஏண்டி, கொஞ்சம் முன்னாடியே பிடிச்சா என்ன? அவ்வளவு தெரியாதா உனக்கு?

நவம்பர் 21

நுகாதா போன் செய்தார். எடுக்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

காலையில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கவாஷிரிக்குப் போய் நடைமேடையில் நின்றேன். வந்த ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஒரே கேள்வி: மழையில் எங்கே பிரேக் பிடிக்கிறீர்கள்? ஒருவர் பாலம் என்றார். ஒருவர் பேரிக்காய்த் தோட்டம் என்றார். ஒருவர் சொன்ன இடம் இன்னொருவர் சொன்னதில்லை!

அப்போதுதான் உறைத்தது. நான் இத்தனை நாள் நுகாதா பிரேக் பிடிக்கிற கம்பம் வந்ததும் நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். அது அவருடைய கைக்கு. என் கைக்கு அதற்கு முந்தின நீலக் கூரைதான் சரி.

மதியம் அவரிடமே சொன்னேன்.

"அங்க பிடிச்சா நேரம் போயிடும்."

"போகட்டும். நாலு செகண்ட்."

"மூணு."

"சரி, மூணு. கிளம்பும்போது மிச்சம் பிடிச்சுக்கறேன்."

 அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "முதல்லயே சண்டை போட்டிருக்கலாம்ல" என்றார்.

பிப்ரவரி 12, வியாழன்

தேறிவிட்டேன்! தேறிவிட்டேன்!! எழுத்து கோட்டைத் தாண்டி ஓடுகிறது, ஓடட்டும்.

காலையிலிருந்து பனி. வேகமானியை மூடிவிட்டு இப்போது என்ன வேகம் என்று தேர்வாளர்கள் கேட்டார்கள். ஐம்பத்திரண்டு என்றேன். உண்மையில் ஐம்பத்துமூன்று! கவாஷிரியில் நீலக் கூரை வந்ததும் பிடித்தேன். வண்டி, சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. இருபது சென்டிமீட்டர்தான் தள்ளி. நடைமேடைக் கோடியில் நுகாதா முதுகைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். சளி என்றார்.

ஒகிட்சு சார் 6:48 இல்லாத அட்டவணையை எடுத்தார். கிழித்துப் போடுவார் என்று பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று நாலாக வெட்டிக் குறிப்பெழுத வைத்துக்கொண்டார்.

மார்ச் 14, சனி

புது அட்டவணை. எல்லா நிலையத்திலும் நானே ஒட்டினேன்.

ஏப்ரல் 9, வியாழன்

6:48. பாதையோரச் செர்ரி மரம் பூத்துக் கொட்டுகிறது. ஓட்டுநர் அறையில் நான் மட்டும்.

கவாஷிரியில் கதவை மூடியபின் கண்ணாடியில் பார்த்தால், வில்வித்தைப் பயிற்சி முடித்த பள்ளிப் பெண் ஒருத்தி தன்னைவிட நீளமான வில்லைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடி வருகிறாள். மறுபடி கதவைத் திறந்தேன். உள்ளே வந்து என் பக்கம் குனிந்து வணங்கியதில் வில் கதவில் டங்கென்று இடித்தது. பெட்டி முழுக்கச் சிரிப்பு.

முப்பத்தைந்து விநாடி தாமதம். அறிக்கை எழுத வேண்டியதாயிற்று.

காரணம்: பயணி ஏறுவதற்காகக் காத்திருந்தது.

ஓட்டுநர்: சிமானோ சிஸுரு.