தாளின் பின்பக்கம்

அக்டோபர் 14

இந்த நோட்டை என்றோ திறக்கப்போகும் உலகமே, கேள்! ஒருவரும் நம்பமாட்டாத ஒரு சரித்திரத்தை எழுதப்போகிறேன் என்று ஒஹாயோவின் சோளக்காடுகள் சாட்சியாகச் சத்தியம் செய்கிறேன்.

என் தங்கை மகள் ஹாட்டி டூபா என்கிற பித்தளை ஊதுகுழல் வாசிக்கிறாள். பள்ளிக்கூடத்து வாத்தியம், அவளைவிடப் பெரிது. மூச்சை இழுத்தால் தெருச் சருகெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். ஊதினால் மூன்று மைல் தள்ளி நிற்கும் பசு தயிராகவே கறக்கும்.

பள்ளிக்கூடச் செலவுக்கு வீட்டு வரியை ஏற்றலாமா என்று நவம்பரில் ஊரே ஓட்டுப் போடுகிறது; அந்த வரி தோற்றால் பேண்டுக் குழுவைக் கலைத்துவிடுவார்களாம். தோற்பதா? இந்த வெர்ஜில் ஸ்டோல்ட்ஸ் உயிரோடு இருக்கும்போதா?

அக்டோபர் 19

நாற்பதாயிரம் வீடுகள் ஏறி இறங்கினேன். (ஊரில் இருப்பது இரண்டாயிரம்.) எதிர்வீட்டு ஆர்வில் கிரெப்ஸ் கதவைப் பாதிதான் திறந்தார்.

"வரி கேட்டு வந்தியா? போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"பிள்ளைங்க வாசிக்கறதுக்குத்தானேய்யா."

"என் பென்ஷன் ஏறலை, வீட்டு வரி மட்டும் ஏறுது. மாத்திரைக்கு நீ வந்து குடுப்பியா?"

  அவர் கையில் ஒரு துண்டுத்தாளைத் திணித்துவிட்டு வந்தேன். நானே எழுதி அச்சடித்தது: 'பள்ளி வரி வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. திருப்ப மறக்காதீர்!'

நவம்பர் 4

சர்ச் நிலவறையில் ஓட்டு. பேண்டு வாத்தியம் ஒன்றுதான் குறை, அப்படி ஒரு வரவேற்பு. நான் பிடித்த கெளுத்தி மீன் படகையே இழுத்துக்கொண்டு போன கதையைப் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே சீட்டை நிரப்பி, இயந்திரத்தில் செருகினேன். விழுங்கிவிட்டது. இயந்திரத்துக்குக் காவல் நின்ற தேர்தல் அலுவலர் மேபலிடம் குனிந்தேன்.

"மேபல், அதைக் கொஞ்சம் வெளிய எடுக்க முடியுமா?"

"உள்ள போனா போனதுதான், வெர்ஜில். இந்தா, 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர், சட்டையில ஒட்டிக்கோ."

மேற்கொண்டு எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 5

மூன்று ஓட்டு குறைகிறது. தபால் ஓட்டு பாக்கி. கடவுளே.

நவம்பர் 21

ஆம் 1,106. இல்லை 1,106.

சமமாக வந்தால் வரி தோற்றதாகத்தான் சட்டம். ஒன்று — ஒரே ஒரு ஓட்டு!

தங்கை டார்லீன் போனில் கத்தினாள்: "எவனோ ஒரு மடையன் வீட்லயே படுத்துக் கிடந்திருக்கான், அண்ணே!"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

டிசம்பர் 8

மறுபடி எண்ணினார்கள். அதேதான்.

டிசம்பர் 19

டூபாவைத் திருப்பிக் கொடுக்க என் டிரக்கில் போனோம். நடுவில் உட்காரவைத்து அதற்கும் பெல்ட் போட்டாள் ஹாட்டி.

"விடுங்க மாமா. நீங்க மட்டும் இல்லைன்னா ஆயிரம் ஓட்டுல தோத்திருப்போம்."

பள்ளிக்கூட வாசலில் டிரக்கை நிறுத்தி, டூபாவின் பெல்ட்டைக் கழற்றினேன்.

பசு பொய். சருகு பொய். நாற்பதாயிரம் பொய். அந்தக் கெளுத்தியும் கையகலம்தான். நிஜம் ஒரு சின்ன விஷயம், அதை மட்டும் எழுதாமல் வைத்திருந்தேன்: அன்றைக்கு நான் ஓட்டுத் தாளைத் திருப்பவில்லை.