வாய் திறக்காதே என்று வளர்த்த அப்பாவுக்கு

என் பாசத்துக்குரிய அப்பா,

பாசம் என்று எழுதியது பொய்யில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் பாசத்தில் எழுதவில்லை. நீங்கள் போய் மாதங்களாகியும் என் கோபம் ஆறவில்லை. செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்கிறார்கள். பிறகு உங்களோடு எப்போதுதான் பேசுவது?

முதலில் செய்தி. நாளை திங்கட்கிழமை எனக்குப் பள்ளியின் கடைசிப் பரீட்சை. எழுத்துப் பரீட்சை முடிந்துவிட்டது, மிச்சம் வாய்மொழி. ஆசிரியர்கள் வரிசையாக இருப்பார்கள், நான் முன்னால் இருந்து பேச வேண்டும். இந்த இத்தாலியில் தலையை நிறைத்து வைத்திருந்தால் போதாது, வாயால் கொட்டிக் காட்ட வேண்டும். அதைத்தானே நீங்கள் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை?

"வாத்தியாரை முழிசிப் பார்க்கக்கூடாது பிள்ளை. கையைக் கட்டிக்கொண்டு நில். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிப்போட்டுப் பேசாமல் இரு."

யாழ்ப்பாணத்தில் நீங்கள் படித்த விதம் அது. இங்கே வரலாற்று ஆசிரியை என்னை மேசைக்கு அழைத்தபோது நான் அப்படியே நின்றேன். புத்தகம் முழுவதும் மனப்பாடம். கேட்டதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தேன். மிச்சத்தையும் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். நான் மரியாதை என்று நினைத்தேன். அவர் இவள் படிக்கவில்லை என்று நினைத்தார்.

அவர் உங்களைக் கூப்பிட்டு விளக்கமாகவே சொன்னார். உங்களுக்கும் நன்றாக விளங்கியது. வீட்டுக்கு வந்து என்ன சொன்னீர்கள்? "இஞ்சத்தைப் பெட்டையள் மாதிரி வாய் காட்டுறதுக்கோ உன்னைப் படிக்க விட்டனான்?"

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த வருடம் நான் பெயிலானேன். "அங்கை சனம் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடுது, உனக்கு ஒரு வகுப்பு ஏற ஏலாமல் கிடக்கு" என்றீர்கள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், "இவளுக்குப் படிப்பு ஏறாது" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

பிறகு எப்படித் தப்பினேன் தெரியுமா? லிபெர்த்தா வீதியில் நீங்கள் வீட்டுவேலை செய்த எசமானியம்மா, அந்தச் சின்யோரா வீட்டுக்கு, பள்ளி விட்டதும் இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்க என்னை அனுப்பினீர்களே, அங்கேதான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவருடைய கணவரின் சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றின் கழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடம் சொன்னேன். இத்தாலிய வரலாறு முழுவதையும் கேட்டு முடித்த சட்டைகள் பலெர்மோவிலேயே அவைதான். வாய் பழகியது. அடுத்த வருடம் வகுப்பேறினேன், அதற்கடுத்த வருடமும். ஒரு முறையாவது "நல்லது பிள்ளை" என்றீர்களா?

செத்தவீட்டுக்குச் சின்யோரா வந்தார். அம்மாவின் கையைப் பிடித்து அழுதார். உண்மையான அழுகைதான். அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: உங்களுக்குப் பிறகு நான் முழுநேரமாக வேலைக்கு வருவேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தீர்களாம். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள், அப்பா?

"அவர் குடுத்த வாக்கு, பிள்ளை. செத்த மனுசன்ரை சொல்லை மீறலாமோ?" என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

போன கிழமை சின்யோரா, "திங்களிலிருந்து முழு நாளும் வா, உனக்குப் பரீட்சை எதற்கு?" என்றார். நான் நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தேன். வாக்குக் கொடுத்தவர் அப்பா, நான் இல்லை என்றேன். இவ்வளவு தூரம் படித்து வந்ததையும் இனிப் படிக்கப்போவதையும் மூச்சு விடாமல் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். இருந்த வேலையும் போயிற்று. நாளை நான் தவறினால் அந்தக் கதவைத்தான் மறுபடி தட்ட வேண்டும்.

அம்மா என்னோடு பேசாமல் இருந்தார். இன்று பூசையால் வந்ததும் என் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தானே மினுக்கினார். "நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு போ" என்றார்.

என்னைக் கேளாமல் நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். இப்போது உங்களைக் கேளாமல் நான் ஒன்று தருகிறேன். பெறுபேறு வந்ததும் உங்கள் கல்லறைக்கு வருவேன். சித்தியடைந்தாலும் வருவேன், தவறினாலும் வருவேன். அம்மா பூக்கொண்டு வருவார், நான் சண்டை பிடிக்க வருவேன். நீங்கள் திருப்பிக் கத்தமாட்டீர்கள் என்பதைத்தான், அப்பா, என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் மூத்த மகள்
ஜெசிந்தா