பூணூல் உரசும் இடம்

கிட்டு,

உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

நீ துவைக்கப் போட்ட பனியனில் தோள் பக்கம் மையும் ரத்தமுமாகக் கோடு விழுந்திருக்கிறது. புதிதாகப் பச்சை குத்திய இடத்தில் பூணூல் உரசுகிறது. இடது தோளில்தான் பூணூல் கிடக்கும் என்பது, அங்கே கழுகைக் குத்திக்கொண்டபோது உனக்கு நினைவில்லை போலிருக்கிறது. புண் ஆறும்வரை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொள். கழற்றி ஆணியில் மாட்டிவிடாதே.

அந்த டாட்டூ கடைக்காரனுக்கு போன் செய்து கேட்டேன். நான் நினைத்ததற்கு மாறாக மரியாதையாகப் பேசினான். "அங்கிள், ஹல்தி மத் லகானா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அதனால் அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. தோல் உரிந்தால் பிய்க்காதே. கடக்வாஸ்லா அணைக்குப் போனால் தண்ணீரில் இறங்காதே.

துண்டால் துடைக்கவும் கூடாதாம். என் பழைய வேஷ்டியைக் கிழித்து உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை வைத்து ஒற்றி எடு.

சாகண் கம்பெனி பஸ் வரும் நேரம், கிளம்புகிறேன். தோசை மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது.

அப்பா

பி.கு. கழுகு எனக்குப் பிடிக்கவில்லை. அதில் மாற்றமில்லை.

இன்னொன்று. முதுகுப் பக்கம் போகிற சிறகுக்கு உன் கை எட்டாது. களிம்பை சாயங்காலம் வந்து நான் போட்டுவிடுகிறேன். நீயும் பேச வேண்டாம், திரும்பி உட்கார்ந்தால் போதும்.