மோதிரத்தின் உள்பக்கம்

மார்ச் 3

டேய் அவசரக்குடுக்கை,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை மெஷின் முன்னால் நின்றபடியே விழுங்குகிறாயா? இங்கே எல்லாரும் சுகம். போனில் சொல்லலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

இந்தச் சின்னப் பெட்டியில் என் மோதிரம் இருக்கிறது. போன வருஷம் அவர் போட்டுவிட்டது. இப்போது விரலில் நிற்கவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போது தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு தடவை விழுந்து, துழாவி எடுத்தேன். உங்கள் உலோகப் பரிசோதனைக் கூடத்துக்குக் கீழே ஒரு நகைக்காரர் இருக்கிறார் என்றாயே, அவரிடம் கொடுத்து ஒரு சுற்றுக் குறைத்து அனுப்பு. கல்யாணம் இருபத்தேழாம் தேதி. லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற இடத்தில் எல்லாம் "மாப்பிள்ளை, பார்த்து ஏறுங்க" என்று அவரைக் கேலி செய்கிறார்களாம்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 7

அக்கா,

சாப்பிடுகிறேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மோதிரத்தைக் குறைக்க அதை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்க வெள்ளைத் தங்கத்துக்கு ஒரு பொடி, வெள்ளிக்கு வேறு பொடி. நகைக்காரர் கையில் வாங்கியதுமே, "வெள்ளைத் தங்கம்னீங்களே தம்பி, கனமே இல்லையே. என்னன்னு பாத்துக் குடுங்க" என்றார். உலோகம் பார்க்கும் மெஷினில் வைத்தேன். மேலே பளபளப்புக்கு ரோடியம் பூச்சு. மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும் என்பதால் உள்பக்கம் அரத்தால் லேசாக உரசி மறுபடி வைத்தேன். வெள்ளி. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை. மிச்சம் செம்பு. தங்கம் பெயருக்குக்கூட இல்லை.

அம்மா தெரிந்தவர் தெரியாதவரிடம் எல்லாம் "வெள்ளைத் தங்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் லிஃப்ட் மெக்கானிக் உங்கள் இரண்டு பேர் காதிலும் நன்றாகப் பூ சுற்றியிருக்கிறார். வெள்ளி கேவலம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளி என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மோதிரத்திலேயே இப்படி என்றால் மற்ற விஷயத்தில் எப்படியோ? கல்யாணத்தைத் தள்ளிப் போடு. இன்னும் இருபது நாள் இருக்கிறது.

தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

குறைக்கச் சொன்னேன். உரசச் சொல்லவில்லை.

இதை இத்தோடு விடு. அம்மாவிடம் மூச்சு விடாதே. அவரிடம் எதுவும் கேட்காதே. காரணம் இருக்கிறது, நேரில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. புது வீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கினோம், ஒரு சாண் குறைகிறது. ஜன்னலைச் சுருக்கிவிடலாம் என்கிறார் அவர். நான் எழுதியதைத் திரும்ப ஒரு தடவை படி. கேட்காதே.

அக்கா

மார்ச் 14

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நான் அவருக்கு முந்தாநாளே எழுதிவிட்டேன்.

மறைக்கப் போவதில்லை. பரிசோதனைத் தாளின் நகல், கூடத்து முத்திரையோடு, அவருடைய கம்பெனி விலாசத்துக்கு. கூடவே ஒரே வரி: "இதற்கு உங்கள் விளக்கம் என்ன?" தப்பாக ஒரு வார்த்தை இல்லை.

திட்டுவாய். திட்டு. ஆனால் காரணம் இருக்கிறது என்று எழுதத் தெரிந்தவளுக்கு அந்தக் காரணத்தையும் எழுதத் தெரியாதா? ஏமாந்தவள் நீ. ஏமாற்றியவரை நான் கேட்கக் கூடாது என்றால் பிறகு தம்பி என்று எதற்கு இருக்கிறேன்?

தம்பி

மார்ச் 18

காரணம்தானே வேண்டும்? படித்துக்கொள்.

அவர் முதலில் வாங்கிக் கொடுத்தது வெள்ளைத் தங்கம்தான். இரண்டாம் நாளே விரலைச் சுற்றிச் சிவந்து கொப்பளித்துவிட்டது. ஏன் என்று என்னைவிட உனக்குத்தான் தெரியும். கடைக்காரர் வேறு கலவையில் செய்து தர ஆறு வாரம் ஆகும் என்றார். இவர் காத்திருக்கலாம் என்றார். நான்தான் தட்டிலிருந்து இந்த வெள்ளியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பிடித்திருந்தது. அரிக்கவில்லை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தோம். நான் செய்து கொடுத்த கண்ணாடியையே மாட்டிக்கொண்டு அம்மா என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "வெள்ளியா? முப்பத்தாறு வயசு வரைக்கும் காத்திருந்து, கடைசியில வெள்ளியா?" என்றாள். "வெள்ளைத் தங்கம்மா" என்று சொன்னது நான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வருஷமாக அந்தப் பொய்யை எனக்காகச் சுமந்தார்.

ஞாயிற்றுக்கிழமை உன் தாளோடு வந்தார். அம்மா முன்னால் வைத்து, "நான்தாங்க பொய் சொன்னேன். அவளுக்குத் தெரியாது" என்றார். அம்மா விடுவாளா? "எனக்கு அப்பவே சந்தேகம்" என்று ஆரம்பித்து, அவருடைய அப்பா வரைக்கும் இழுத்தாள். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன். வாய் வரவில்லைடா. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு மூன்று மாடி இறங்கும் வரைக்கும் வரவில்லை. கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். சொல்லி என்ன? வாங்க வேண்டியதை எல்லாம் அவர் வாங்கிக்கொண்டு போயாகிவிட்டது.

இரண்டு நாளாக அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் "விடு" என்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கல்யாணம் அதே தேதி. பதிவு அலுவலகத்தில், பத்து மணிக்கு. சாட்சிக் கையெழுத்துக்கு உன்னைக் கூப்பிடச் சொன்னார். நான் முடியாது என்றுவிட்டேன். நீ வராதே. மோதிரத்தை மட்டும் அனுப்பு.

அக்கா

மார்ச் 21

அக்கா,

மோதிரம் இந்தப் பெட்டியில் இருக்கிறது. ஒரு சுற்றுக் குறைத்தாயிற்று. நெருப்புப் பட்டதில் பூச்சு மங்கிவிட்டது. "திரும்பப் பூச்சு போட்டா வெள்ளைத் தங்கம் மாதிரியே ஆயிடும், போடவா?" என்றார் நகைக்காரர். உன்னைக் கேட்காமல் சொல்ல முடியாது என்றேன். அப்படியே அனுப்புகிறேன். நான் உரசிய இடம் உள்பக்கம் தெரியும்.

விரல் கொப்பளித்தது நிக்கலால். சில வெள்ளைத் தங்கத்தில் கலப்பார்கள். வெள்ளி என்று தெரிந்ததும் படித்த எனக்கு முதலில் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். ஆள் திருடன் என்பதுதான் தோன்றியது.

அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். நாலு தாள் கிழிந்தது.

தம்பி

ஏப்ரல் 2

அக்கா,

வராதே என்றாய். வந்தேன். உள்ளே வரவில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே சைக்கிள் கடை வாசலில் ஒன்பது மணியிலிருந்து நின்றேன். கடைக்காரர் இரண்டு தடவை "பஞ்சரா?" என்று கேட்டார். என்னிடம் சைக்கிளே இல்லை.

நீங்கள் வெளியே வந்தபோது மாமா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நீ அந்தக் கையைப் பிடித்து இறக்கினாய். பார்த்தேன். உன் விரலில் மோதிரம் இருந்தது, அதையும் பார்த்தேன்.

அம்மாவிடம் பேசினேன். மாமாவிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள் என்றேன். "சீல் குத்திக் கடுதாசி போட்டது நானா?" என்றாள்.

புது வீட்டு விலாசம் அம்மாவிடம் இருக்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை. அதனால்தான் இதைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்புகிறேன். விலாசத்தை நீ எழுதினால் மட்டும் வருவேன். எத்தனை நாளில் எழுதுவாய் என்று கேட்க மாட்டேன்.

உன் தம்பி