கால் வந்தால் போதும்

2024 மார்ச் 8
அப்புத்தளையில் இன்று நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது. என் வீட்டுக்காரர் நிமலன் நேற்றும் குடித்துவிட்டு வந்து அறைந்தார். காது இன்னும் விண்ணென்று இருக்கிறது. பதினாறு வருஷம் பொறுத்தது போதும். இந்த மாதமே தெமோதரைக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

மார்ச் 12
காலை ஆறு மணிக்கு அவர் வாய் கோணி, பேச்சுக் குழறி, வாசலிலேயே சரிந்தார். ராத்திரிக் குடி தெளியவில்லை என்று நினைத்தேன். கிடக்கட்டும் என்று தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டேன். பகல் சாப்பாட்டுக்கு வந்தபோதும் அப்படியே கிடந்தார். வலது கையும் காலும் அசையவில்லை.

மார்ச் 13
பதுளை ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. பக்கவாதம். எத்தனை மணிக்கு விழுந்தார் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன்.
"நாலரை மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தா அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம்."
இனி எந்த முகத்தோடு இவரை விட்டுப் போவேன்?

ஏப்ரல் 2
வீட்டுக்கு வந்தாயிற்று. பேச்சு இல்லை. கழுவுகிறேன், ஊட்டுகிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் நல்ல பொண்டாட்டி என்கிறார்கள். எனக்கு மூச்சு முட்டுது.

ஏப்ரல் 19
பிசியோதெரபி முஷ்ரிபா மிஸ் சொன்னது: காலுக்கு இருபது தடவை, கைக்கு இருபது தடவை மடக்கி நீட்டிவிட வேண்டும், மூன்று வேளை. காலுக்கு நாற்பது செய்கிறேன். படுத்துக் கிடக்கிறவனை விட்டுப் போக முடியாது, நடக்கிறவனை விட்டுப் போகலாம். கைக்குச் செய்வதில்லை. என்னை அறைஞ்ச கையை நானே நீவி எழுப்பணுமா? முடியாது.

மே 6
இன்றும் கைக்குச் செய்யவில்லை. அவர் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

ஜூன் 14
கிளினிக். கம்பு ஊன்றி நடந்தார். மிஸ் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "விரலெல்லாம் இறுகிப் போச்சே. வீட்ல கைக்குச் செஞ்சு விடுறாங்களா?" என்று அவரிடமே கேட்டார். இப்போது அவருக்கு ஒன்றிரண்டு சொல் வருகிறது.
"செ... செய்றா," என்றார்.
பஸ்ஸில் ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்படி அழுதா நான் எப்பிடிப் போறது?

ஜூன் 29
தனியாகவே குழாயடிக்குப் போய் முகம் கழுவி வந்தார். உட்கார வைத்து, இடது கையால் வலது விரல்களை விரிக்கப் பழக்கினேன்.
"இனி நீங்களே செய்யுங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."
அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 1
தெமோதரை. அவர் சாப்பாட்டைப் பக்கத்து லயத்தில் இருக்கும் அவருடைய தங்கச்சி தனுஜா பார்த்துக்கொள்கிறாள். ரயிலில் வழி முழுக்க அழுதேன். எந்த ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பவில்லை.